பச்சை அளவில் ஒரு மாடு

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை நவம்பரில் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. போன வருடம் துடைக்கும்போது மாடு கைதவறி விழுந்துவிட்டது. தலை மட்டும் தப்பியது, உடம்பு தூள். என் மனைவி தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுமண் பொம்மைகளில் ஒன்று அது. அவள் அப்போது வீட்டில் இல்லை. தலையைப் பஞ்சில் சுற்றி என் ஆபீஸ் பையில் ஒளித்தேன். அவள் குடில் கட்ட உட்காருவதற்குள் அதே மாதிரி ஒரு மாடு வேண்டும்.

உயரம் தெரியும். குடிலுக்குப் பலகை அறுப்பதற்காக எல்லாப் பொம்மைகளையும் அளந்து நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். மாடு, 142 மில்லிமீட்டர். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்களை அளந்து சரிபார்ப்பது என் வேலை. அதற்கான வெர்னியர் அளவுகோல் எப்போதும் கையோடு இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வில்லியனூரைத் தாண்டி, மண் வேலை செய்யும் ஊருக்குப் போனேன். முதல் இரண்டு பட்டறைகளில் சக்கர வேலை மட்டும்தான், பானையும் அகலும். மூன்றாவதில் ஓர் அம்மாள் குதிரைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். தலையையும் என் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தார்.

“இது பச்சை அளவா, சுட்ட அளவாண்ணே?”

“அளவு அளவுதாம்மா. 142. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“அப்படியே செஞ்சிடறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

நான்கு நாள் கழித்துப் போனேன். ஈரம் மினுங்க மாடு நின்றிருந்தது. வெர்னியரை வைத்தேன், 142. ‘மிகச் சரி’ என்று எழுதிக்கொண்டேன். மழையில் காய நாளாகி, கார்த்திகை அகல்களோடு சூளைக்குப் போனது. சூளை ஆறியபின் எடுத்துக் கொடுத்தார். 128. பச்சை மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

“மாடு இளைச்சிடுச்சாண்ணே?” என்று சிரித்தார். “இனிமே பொங்கப் பானை சூளைதான். கிறிஸ்துமசுக்குள்ள ஆகாது.”

அன்று மாலையே மனைவியிடம் சொல்லிவிட்டேன். பஞ்சைப் பிரித்து மாட்டுத் தலையைக் கையில் எடுத்தாள்.

“என் மாட்டை உடைச்சதும் இல்லாம, அளவெடுத்து வேற வெச்சிருக்கீங்க!”

பிறகு புது மாட்டைக் கழுதைப் பொம்மை பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். கழுதையின் கண் மட்டத்துக்குக்கூட வரவில்லை.

“இது கன்னுக்குட்டி. இதோட அம்மா எங்க?”

“பொங்கப் பானையோட வரும்.”

“மூணு ராஜா திருநாள், ஜனவரி ஆறு வரைக்கும் குடில் இருக்கும்ல? வரட்டும்.”

மறுவாரம் அவளும் கூட வந்தாள். புது வரைபடத்தின் மேலே ‘சுட்ட அளவு’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அந்த அம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாட்டுத் தலையை என் மனைவியிடமே கேட்டு வாங்கினார். கொம்பு எப்படி வளைய வேண்டும் என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் தாய் மாடு வந்து சேர்ந்தது. அவள் அதைக் கன்றுக்குப் பின்னால் வைப்பதற்குள் அளந்துவிட்டேன்.

“141,” என்றேன்.

“அதை உள்ள வைங்க,” என்றாள், வெர்னியரைக் காட்டி.

வைத்துவிட்டு, நாட்குறிப்பில் மாட்டுக்குக் கீழே ‘கன்று, 128’ என்று ஒரு வரி சேர்த்தேன்.