ஸ்டோர் ரூமில் ஏறிய இதயத் துடிப்பு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் நான் சூப்பர்வைசர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். ஒரு நாள் எச்.ஆர். மேனேஜர் கணேஷ் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, நம்ம செல்விக்கும் ஸ்டோர் ரவிக்கும் என்னமோ ஓடுது. சிஸ்டம் சொல்லுது."

நிர்வாகம் எங்களுக்கெல்லாம் இலவசமாக ஸ்மார்ட் வாட்ச் கொடுத்திருந்தது. அது அனுப்புவதை ஏஐ படித்து அறிக்கை எழுதும். தினமும் டீ நேரத்தில் இருவரும் ஸ்டோர் ரூமில் இருக்கிறார்கள், இருவரின் இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது, ஆகவே நெருங்கிய உறவாக இருக்கலாம் என்று அது எழுதியிருந்தது.

இருவருமே பிள்ளைகுட்டிக்காரர்கள். மதியத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

விசாரணையில் செல்வி அழவில்லை. "தினம் பத்தாயிரம் ஸ்டெப் நடக்கணும், இல்லேன்னா அப்ரைசல்ல மார்க் குறையும்னு சர்குலர் போட்டது யாரு சார்? நாள் பூரா உட்கார்ந்து பேக் பண்றேன். எங்க போய் நடக்கிறது?" என்று கேட்டாள்.

விஷயம் அவ்வளவுதான். ஏர்கான் இருக்கும் ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், இருவரும் நின்ற இடத்திலேயே குதித்து ஸ்டெப் ஏற்றியிருக்கிறார்கள். கணேஷ் செய்துகாட்டச் சொன்னார். அவர் மேசைக்கு முன்னால் இருவரும் குதித்தார்கள். எனக்கும் அன்றைக்கு ஸ்டெப் குறைவாக இருந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் புது அறிக்கை வந்தது. இப்போது உறவில் மூன்று பேர்.

அதையெல்லாம் அழிக்கச் சொன்னேன். "அழிக்க முடியாது லா அக்கா. 'விசாரிச்சாச்சு'ன்னு வேணும்னா போடலாம்," என்றார்.

ரவியின் மனைவி தேவிக்கு விஷயத்தைச் சொல்ல நானே பந்திங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அக்கா, தூங்குறப்பவும் அவரு அந்த வாட்சைக் கழட்ட மாட்டாரு. தூக்கத்துக்கும் மார்க்காம். அப்போ எங்க வீட்டைப் பத்தி ஆபீஸ்ல என்ன எழுதி வெச்சிருக்காங்க?"

நாற்பது பேர் கையில் அதைக் கட்டிவிட்டவள் நான். அது எதைப் பார்க்கும், யாரிடம் சொல்லும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. புதிதாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

மறுநாள் என்னுடையதைக் கழற்றி கணேஷின் மேசையில் வைத்தேன். மாலைக்குள் நாற்பதும் அங்கே சேர்ந்துவிட்டன. பேக்கிங் பிரிவு முழுவதும் மேனேஜர் அறையில் ஆழ்ந்து தூங்குவதாக சிஸ்டம் எழுதியது.