எங்கள் ஒழுங்கையின் அகலம்

மூன்று கிழமைக்கு முன்பு எங்கள் ஒழுங்கை வீட்டார் எல்லாரும் என் வீட்டு வளவு மாமர நிழலிற் கூடினர். அரசாங்கக் கச்சேரிக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும். எழுதும் பொறுப்பு என்னுடையது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சட்டம்பியாருக்கு ஊர் இடும் ஊழியம் வேறு என்ன?

வேண்டுகோள் எளியது. ஒழுங்கையின் கடைசி வீட்டில் நாகம்மாவும் அவர் மகள் பாக்கியமும் இருக்கின்றனர். பாக்கியத்துக்கு அப்போது ஒன்பதாம் மாதம். முதற் பேற்றின்போது மோட்டார் வண்டி ஒழுங்கையினுள் நுழையவில்லை. அவளை நாற்காலியில் வைத்துத் தெருவரை தூக்கிச் சென்றார்கள். மருத்துவமனையை அடையுமுன் குழந்தை போய்விட்டது. இம்முறை அப்படி நேரலாகாது. ஆகவே, அரசினர் ஒழுங்கையை அகலமாக்கித் தரவேண்டும்.

எழுதத் தொடங்கினேன். ‘எங்கள் வீடுகளுக்குச் செல்லும் ஒடுங்கிய பாசேஜ்’ என்று முதல் வரியைப் படித்துக்காட்டிய அளவிலே, மலாயாவிலிருந்து பென்சனில் வந்த, ஒழுங்கை முகப்பு வீட்டுச் செல்லத்துரையர் குறுக்கிட்டார்.

“மாஸ்டர், பாசேஜ் எண்டால் கப்பற் பயணமெல்லோ? பினாங்குக்கு நான் பாசேஜ் எடுத்துத்தான் போனனான்.”

மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் சாமுவேல் சிரித்தார். “உங்களுக்குக் கப்பல், அண்ணை. எங்கடை பெடியளுக்குப் பாசேஜ் எண்டால் பாடமாக்கிற பந்தி. பாதிரியார் வீட்டிலை அறைக்கும் அறைக்கும் நடுவாலை போறதும் பாசேஜ்தான்.”

“அப்ப இதை வாசிச்சுப்போட்டுக் கச்சேரித் துரை எங்களைக் கப்பலிலை ஏத்திவிடப் போறார்” என்றார் செல்லத்துரையர்.

எனக்கோ இடம் கிடைத்துவிட்டது. ஆங்கிலேயருக்கு இத்தனைக்கும் ஒரே சொல். நமக்கு? ஊரவர் நடப்பது ஒழுங்கை. வேலியிடையே அயலவர் நுழைவது பொட்டு. காலெடுத்து வைத்து ஏறிக் கடப்பது கடவை. வீட்டினுள்ளே இருப்பது நடை... இவ்வாறு தமிழின் வளத்தை விரித்துரைத்துக்கொண்டே போனேன். அரை மணி நேரம் ஆகியிருக்கலாம்.

நாகம்மா மெல்லக் கேட்டார்: “அது சரி, சட்டம்பியார். கார் வருமோ?”

‘பாசேஜை’ வெட்டினேன். ‘லேன்’ என்றே எழுதி முடித்தேன். பதினொரு வீட்டாரும் கையொப்பமிட்டனர். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வழியாகவே அது கச்சேரிக்குப் போகவேண்டும்; அன்றே அவரிடம் கொடுத்தோம்.

மறுநாள் விதானையார் இடத்தைப் பார்வையிட வந்தார். கையில் அளவுக்கயிறு இருந்தது. ஆனால் அதை விரிக்கவில்லை. என் படலையைத் திறந்து வளவினுள் வந்து, வேலியோரம் குனிந்து நின்றார்.

“சட்டம்பியார், உந்தப் பூவரசங்கட்டை என்ன?”

“அது பழைய வேலிக் கதியால். பட்டுப்போச்சுது.”

“வேலிக் கதியால் ஏன் வளவுக்குள்ளை நிக்குது?”

இலக்கணத்தில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். இதற்கோ கட்டையையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஆண்டுதோறும் வேலி அடைக்கிறோம். பட்ட கதியாலுக்குப் பதிலாகப் புதியதை நடும்போது, பழைய வேர் தடுக்கிறதென்று நாலு விரல் தள்ளி நடுகிறோம் — எப்போதும் வெளிப்புறமாகவே. உட்புறமாக நடலாமே என்று எவருக்காவது தோன்றியதுண்டா? எதிர்வீட்டாரும் அப்படியே. வேலிகள் ஆண்டுக்கு நாலு விரல் நடந்திருக்கின்றன. நாங்கள் கவனிக்கவில்லை... அல்லது, கவனியாதவர்போல் இருந்துவிட்டோம்.

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “செவ்வரத்தைப் பூமரத்துக்கு இடம் காணாது, தள்ளி நடுங்கோ எண்டு வேலி அடைக்க வந்தவையிட்டைச் சொன்னது ஆர்? நானோ?”

விதானையார் பழைய கட்டைகளை வைத்துக் கயிறு பிடித்துப் பார்த்ததில் என் வேலி ஒன்றரை முழம் வெளியே நின்றது. செல்லத்துரையருடையது ஒரு முழம். சாமுவேலுடையது முக்கால்.

“ஒழுங்கை ஒடுங்கேல்லை. நீங்கள்தான் கொழுத்துப்போனியள்” என்று சொல்லி, விதானையார் விண்ணப்பத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார். அதில் முறையிட்டவர்களும் நாங்களே. முறைப்பாட்டுக்குக் காரணமானவர்களும் நாங்களே.

அன்று மாலையே என் வேலியைப் பிரித்தேன். செவ்வரத்தை இரண்டும் போயின. மனைவி அவற்றை விறகோடு சேர்த்து அடுக்கினார். ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். சாமுவேல் மறுநாள் பிரித்தார். செல்லத்துரையர் மட்டும் தம் காணி உறுதியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாதாடினார்.

மூன்றாம் நாள் நாகம்மா அவர் படலையடியிற் போய் நின்றார். “தம்பி, ஒழுங்கையிலை கார் வைச்சிருக்கிறது நீங்கள் ஒராள்தான். அதுகும் உங்கடை வேலியாலைதான் உள்ளுக்கு வரமாட்டுதாம்.”

அன்றே அவரும் பிரித்தார். அதன்பின் மற்றவர்கள் தாமாகவே பிரித்தார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல் செல்லத்துரையரின் கார் பின்புறமாக ஒழுங்கையினுள் ஊர்ந்து வந்து கடைசி வீட்டுப் படலையில் நின்றது. பாக்கியம் தன் காலால் நடந்துவந்து ஏறினாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வெளியேறும்போது கார் ஓரிடத்தில் வேலியோலையை உரசிப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது விதானையாரின் மாமனார் வீட்டு வேலி — அன்று அவ்வளவு தூரத்துக்குக் கயிறு எட்டவில்லையாம்.