கிரகப்பிரவேசத்துக்கு வந்த பசு

திருப்பதியில் என் கிளினிக்கில் காலை வேளை நாய்களுக்கும் பூனைகளுக்கும். மதியத்துக்கு மேல் மாடு, ஆடு, எருமை என்று சித்தூர் ரோட்டில் இறங்கிவிடுவேன். நாய்க்கு எந்த ஷாம்பு நல்லது என்று கேட்கிறவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே ஏதோ ஒரு கொட்டகையில் முழங்கை வரை சாணத்தோடு நின்றுகொண்டிருப்பேன். இரண்டு உலகத்திலும் எனக்குப் பொதுவான எரிச்சல் ஒன்று உண்டு. அது தின்னக் கொடுக்கும் பாசம். வயிற்றுக் கோளாறோடு வருகிற எந்த ஜீவனுக்குப் பின்னாலும் அநேகமாக ஒரு பாசக்காரர் இருப்பார். "கொஞ்சூண்டுதான் மேடம் குடுத்தேன்" என்பார். அந்தக் கொஞ்சூண்டைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இங்கே புது வீடு கட்டினால் முதலில் உள்ளே போவது கன்றோடு கூடிய பசு. ஊரைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன, ஆனால் ஊருக்குள் மாடு ஏது? அதனால் கிராமத்திலிருந்து மினி லாரியில் பசு வரும். எல்லாப் பசுவும் இதற்கு ஆகாது. வழுக்கும் டைல்ஸைக் கண்டு மிரளக்கூடாது, ஹோமப் புகைக்கும் மேளத்துக்கும் அலறி ஓடக்கூடாது. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் அப்படி ஒரு பசு இருந்தது. வெள்ளை நிறம், நாட்டு மாடு. யார் வீட்டுப் படியிலும் சொந்த வீடு போல ஏறிவிடும்.

அந்த அம்மா பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடமாட்டார். முகூர்த்த நாளில் பசுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து அழைத்துப் போவதும் அவர்தான். ஒருமுறை இதைச் சொல்லிக் கேலி செய்தேன். "மாட்டுக்குத்தான டாக்டரம்மா வெக்கறேன், எனக்கா வெச்சிக்கினேன்?" என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவரிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை. "திருப்பதியிலதான் கீறோம் டாக்டரம்மா. காலைலருந்து அசையே போடல. நிக்க முடியாம தள்ளாடிக்கினு கீது. சீக்கிரம் வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், புது பெயின்ட் வாசனை. கார் நிறுத்தும் இடத்தில் பசு தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தது. கண் உள்ளே போய்விட்டது. விலாவில் கைவைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர்க்குடம் போல் தளும்பியது. காதை வைத்துக் கேட்டேன், வயிறு அசையவே இல்லை. கேட்டருகே கட்டியிருந்த கன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன கொடுத்தீங்க?" என்றேன்.

விடிவதற்கு முன்பே பூஜை முடிந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவேண்டிய வண்டி வரவில்லை. பசு அங்கேயே நின்றது. வந்த விருந்தாளி ஒவ்வொருவரும் கோமாதாவைத் தொட்டுக் கும்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் ஒரு கை, பச்சரிசியும் வெல்லமும் ஒரு கை, வாழைப்பழம் ஒன்று என்று ஊட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா சமையல்கட்டுப் பக்கம் கன்றுக்குத் தண்ணீர் கேட்கப் போனபோது, மிஞ்சிய பொங்கலை யாரோ அண்டாவோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த அண்டாவைத் தவிர யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லைதான், ஆனால் எல்லாரும் கொடுத்தார்கள்.

புல்லைச் செரிக்க மாட்டின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் வேலை செய்கின்றன. அரிசியும் வெல்லமும் அளவுக்கு மீறிப் போனால் வயிறு புளித்து அமிலமாகி, அந்த உயிர்களெல்லாம் செத்துப்போகும். பிறகு அந்த அமிலம் ரத்தத்தில் ஏறும். அப்புறம் மாடு பிழைப்பது கஷ்டம். இதைச் சொன்னதும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு இருந்தது இந்த ஒரே பசு.

வீட்டுக்காரர் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல மனிதர்தான், ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைத் தனியே அழைத்து, "வண்டி வந்துக்கினே கீது மேடம். ஏத்தி அனுப்பிட்டா இன்னா? அங்க போயி வைத்தியம் பாருங்களேன். புது வீட்ல ஏதாவது ஆயிட்ச்சின்னா..." என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியில் ஏற்றினால் வழியிலேயே விழும் என்றேன். விழுந்தால் எழாது என்றும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். அவர் மனைவி, காலையில் பால் காய்ச்சிய அதே பட்டுப்புடவையோடு நின்றவர், குறுக்கே வந்தார். "எங்கயும் போவாது. நம்ம கையாலதான துன்னுச்சி? பொழச்சாலும் செத்தாலும் இங்கதான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வாயில் குழாய் விட்டு, புளித்த கஞ்சியை வாளி வாளியாக வெளியே எடுத்தேன். சோடா உப்பு கரைத்து உள்ளே ஊற்றினேன். டிரிப் பாட்டிலை மாவிலைத் தோரணக் கயிற்றில் தொங்கவிட்டோம். புது டைல்ஸெல்லாம் நாறியது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வீட்டம்மா தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் பசு படுத்துவிட்டது, ஆனால் மூச்சு சீரானது. விடியட்டும், பார்ப்போம் என்று கிளம்பினேன்.

காலையில் வந்தபோது உயிர் இருந்தது. கண்ணில் கொஞ்சம் தெளிவும் வந்திருந்தது. ஆனால் வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே வேலைசெய்ய யாருமில்லாத வயிறு அது. இன்னொரு அசைபோடும் மிருகத்தின் வயிற்றுச் சாற்றைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சாறு எங்கே தாராளமாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. மறைத்துச் செய்ய மனம் வரவில்லை.

"மட்டன் கடையிலிருந்து ஆட்டு வயிற்றுச் சாறு சூடு ஆறாம கொண்டுவரணும்" என்றேன்.

வீட்டுக்காரர் பூஜையறைப் பக்கம் பார்த்தார். கலசம் இன்னும் எடுக்கவில்லை. வீட்டம்மா உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் விருந்தாளி யாரோ பரிசாகக் கொடுத்த பெரிய ஃபிளாஸ்க், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காதது. "சூடு ஆறக்கூடாதுன்னீங்களே" என்றார். வீட்டுக்காரர் பைக் சாவியை எடுத்துக்கொண்டார்.

மட்டன் கடையில் கூட்டம் நெரிந்தது. "குடலா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"குடல் வேண்டாம். வயித்துக்குள்ள இருக்கிறது வேணும்."

வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் எதற்கென்று சொன்னதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். அடுத்தடுத்து வெட்டிய ஆடுகளின் இரைப்பையைத் தானே பிழிந்து, பச்சைச் சாறாக வடிகட்டி நிரப்பிக் கொடுத்தார். வாங்க வந்தவர்களைக் காக்க வைத்துத்தான் செய்தார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

சாற்றை ஊற்றும்போது பசுவின் தலையை ஒரு பக்கம் அந்த அம்மாவும் மறுபக்கம் வீட்டுக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு காத்திருந்தோம். அந்த அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அன்று அவர் ஆராதனைக்குப் போகவில்லை.

வெயில் ஏறிய நேரம், பசு தொண்டையில் எதையோ மேலே கொண்டுவந்தது. தாடை பக்கவாட்டில் ஒருமுறை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அசை போடுகிறது என்று நான் சொல்வதற்குள் அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். கன்றை அவிழ்த்துவிட்டார்கள். என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

பெட்டியை மூடும்போது என் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. "இனிமே யார் எது குடுத்தாலும் வாங்க விடாதீங்க. மனுஷங்ககிட்ட கொஞ்சமாவது பயம் இருந்திருந்தா இது இவ்வளவு தின்னிருக்காது" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அந்த அம்மா பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுக்கு எப்டி பயம் வரும் டாக்டரம்மா? இது பொறந்த அன்னிக்கே இதோட தாய் செத்துப்போச்சி. புட்டிய வாயில வாங்கமாட்டேன்னு அடம் புடிச்சிச்சி. வெரல பால்ல தோச்சி தோச்சி குடுத்துதான் வளத்தேன். மனுஷன் கைன்னா நம்பலாம்னு இதுக்குச் சொல்லிக்குடுத்ததே நாந்தான்."

சொல்லிவிட்டுத் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பசு மூக்கை நீட்டி அந்தக் கையைத் தேடிக்கொண்டே இருந்தது.