எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொன்ன ஸ்கிரிப்ட்

ஆயர் ஈத்தாம் கிளையிலிருந்து சாந்தி அக்கா போன் செய்தபோது மதியம் இரண்டு மணி. ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் நிறுவனம் எங்களுடையது. நான் ஜோர்ஜ் டவுன் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சாந்தி அக்கா அந்தக் கிளையின் பொறுப்பாளர். சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறவர் அல்ல.

“தங்கச்சி, காலையில பார்த்த ரிசல்ட் ஒன்னுமே சிஸ்டத்துல காணோம்லா. நாளைக்கு ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். நாலு மணிக்குள்ள ஹாஸ்பிட்டலுக்குப் போவலன்னா தேதிய தள்ளிருவாங்க. ஏற்கனவே ரெண்டு வாட்டி தள்ளியாச்சு.”

சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது.

எங்களுக்கு முப்பத்திரண்டு கிளைகள், கிளைக்கு ஒரு சர்வர். அப்டேட் வரும்போதெல்லாம் என் மேசையிலிருந்தே ஒவ்வொன்றிலும் லாகின் செய்து, பாஸ்வேர்ட் அடித்து, ‘தொடரலாமா?’ என்று கேட்டால் ‘யெஸ்’ அடித்து, அப்டேட்டை ஓட்ட வேண்டும். ஒன்றரை நாள் வேலை. எனக்கோ ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்தாலே எரிச்சல் வரும். அதனால், திரையில் வரும் கேள்வியைப் பார்த்து எனக்குப் பதிலாகத் தானே பதில் அடிக்கும் ஒரு குட்டி புரோகிராம், அதாவது ஸ்கிரிப்ட், எழுதினேன். பாஸ்வேர்ட் கேட்டால் பாஸ்வேர்ட். வேறு எதைக் கேட்டாலும் ‘யெஸ்’. முப்பத்திரண்டு சர்வரும் இருபது நிமிடத்தில் முடிந்தன. மீட்டிங்கில் பாஸ் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாந்தி அக்கா போன் செய்த அன்று காலையும் அதை வைத்துத்தான் அப்டேட் ஓட்டினேன். ஆயர் ஈத்தாம் சர்வரில் இடம் நிறைந்திருந்தது. அதனால் அது புதிதாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: ‘இடம் போதவில்லை. இன்னும் அனுப்பாத முடிவுகளை அழிக்கலாமா?’ என் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ‘யெஸ்’ என்று அடித்துவிட்டது. லாகில் என் பெயர்தான் இருந்தது.

பாஸிடம் போனேன். மனிதர் நல்லவர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

“பழைய சர்வர்தானே. அதுவே கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவோமா?”

தலையாட்டியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். ஆனால் சர்வரைப் பழுது பார்க்க ஆள் வரும் என்று சாந்தி அக்கா காத்துக்கொண்டே இருந்திருப்பார். நாலு மணி தாண்டியிருக்கும்.

“இல்ல பாஸ். அழிச்சது என் ஸ்கிரிப்ட்டு.”

உடனே சாந்தி அக்காவுக்கும் போன் செய்து அதையே சொன்னேன். சர்வரில் தேடிப் பயனில்லை என்றேன். ரத்தம் பரிசோதிக்கும் மெஷினின் சொந்தத் திரையில் இன்றைய அளவுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருப்பதாகவும், மூன்று மணிக்கு மெஷினைக் கழுவ கிளீனிங் போட்டால் அழிந்துவிடும் என்றும் சொன்னார். போடாதீர்கள் என்றேன்.

காரில் கிளம்பியிருந்தால் ஜாமில் மாட்டியிருப்பேன். போனிலேயே அவர் படிக்க, நான் அடித்தேன். முதலில் அந்த அம்மாவுடையது. ரத்தம் பிடித்துவைத்த கண்ணாடிக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணிலிருந்து கடைசி அளவு வரை அவர் படித்ததை நான் திரும்பப் படித்துக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகே அடுத்த வரிக்குப் போனோம். மூன்றரைக்கு அது ஹாஸ்பிட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களுடையதை முடிக்க ஆறு மணி ஆயிற்று. போனை வைக்கும் முன் சாந்தி அக்கா கேட்டார்.

“ஏன் தங்கச்சி, அவ்ளோ பெரிய கேள்விய அங்க யாருமே படிக்கலியா?”

“படிக்கலக்கா.”

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன் நடந்தது. நான் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போடவில்லை, திருத்தினேன். தெரிந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அது பதில் சொல்லும். தெரியாத கேள்வி வந்தால் எதையும் அடிக்காமல் அங்கேயே நின்று என்னைக் கூப்பிடும். உங்கள் ஸ்கிரிப்டுக்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். ஓடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த அப்டேட்டில் நாலு கிளைகளில் நின்றது. அரை நாள் ஆகியும் முடியவில்லை. பாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“முன்னல்லாம் இருவது நிமிசத்துல முடிப்பியே. இப்ப ஏன் இவ்ளோ நேரம்?”

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேள்வி கேட்டிருக்கு பாஸ். படிச்சிட்டு இருக்கேன்.”