ரயிலுக்காக ஜெபித்த மகள்

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மகளைச் சேர்க்கப் பள்ளி தேடியபோது, ஆலையில் இரும்புத் துண்டுகளைச் சோதிப்பதுபோலவே பட்டியல் எழுதி மூன்று பள்ளிகளுக்கு மதிப்பெண் போட்டேன். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டருகே, ஓட்டுக் கட்டடத்தில் நாற்பது பிள்ளைகளோடு நடந்த சிறிய கிறிஸ்தவப் பள்ளிக்கே முதலிடம். நான் வேலை முடிந்து வரும் ஆறரை மணிவரை பிள்ளையை வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம்.

மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ரயில் தாமதமாகி ஏழரைக்குப் போனேன். மகள் டீச்சரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிக்கங்க டீச்சர், ரயில் லேட்டு" என்றேன்.

"அதுக்குத்தாம்மா தினமும் ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம்" என்று சிரித்தார். "சாயங்கால ஜெபத்துல பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. ஒருத்தன் பந்து கேப்பான், ஒருத்தி மிட்டாய் கேப்பா. உங்க பொண்ணு மட்டும், அம்மா ரயிலு சீக்கிரம் வரணும்னு கேக்கும். இன்னிக்கு நாலு தடவ கேட்டுச்சும்மா."

அவள் எவ்வளவு நேரம் காத்திருப்பாள் என்ற கேள்வியே என் பட்டியலில் இல்லை. மறுநாளே மேலாளரிடம் கேட்டுக் காலை ஷிப்டுக்கு மாறினேன். பள்ளி விட்டதும் இப்போது நான்தான் வாசலில் நிற்கிறேன். காலையில் அவளை எழுப்பிக் கிளப்புவது என் கணவர். அவள் கண் விழிக்கும்போது நான் ரயிலில் இருக்கிறேன்.