துவைச்சு எடுத்துட்டு வாங்க, மேடம்!

"துணியைத் துவைச்சு எடுத்துட்டு வாங்க மேடம், அப்புறம் பார்க்கலாம்."

சொன்னவர் சலவைக் கடைக்காரர் இல்லை. சுற்றுச்சூழலைப் பற்றிப் படைக்கும் பெண் ஓவியர்களுக்கு நிதியுதவி தரும் ஓர் அமைப்பின் தேர்வுக் குழுத் தலைவர்! போன செவ்வாய்க்கிழமை, என் கண் முன்னால் நடந்தது. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் அப்படிச் சொன்னது என் தோழி மும்தாஜிடம். டிராயிங் டீச்சர். கீழ்க்கட்டளையில் ஏரிக்கரையை ஒட்டி வீடு. மாதம் ஒரு வெள்ளைத் துணியில் கல்லைக் கட்டி ஏரியில் முக்கி வைப்பார். ஒரு வாரம் கழித்து எடுத்துக் காயப்போடுவார். அவ்வளவுதான். பிரஷ், பெயின்ட் எதுவும் கிடையாது. ஏரிதான் வரையும்!

முதல் துணியில் இளம்பச்சை. அப்புறம் பழுப்பு. அபார்ட்மென்ட் கழிவுநீர் லாரிகள் வந்து கொட்ட ஆரம்பித்த பிறகு சாம்பல். பன்னிரண்டாவது துணி முழுக்கக் கறுப்பு. மொட்டைமாடிக் கொடியில் வரிசையாக மாட்டியபோது ஏரியின் ஒரு வருஷம் அப்படியே தெரிந்தது.

தாம்பரத்தில் ஒரு ஹால் எடுத்து, அந்த லாரிகளைக் கூப்பிடுகிற அபார்ட்மென்ட்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி இவற்றை மாட்ட வேண்டும். அதற்குத்தான் மும்தாஜ் நிதி கேட்டார். கிடைக்காவிட்டால் மொட்டைமாடிக் கொடியோடு சரி.

துணைக்கு நானும் போனேன். குழுவில் நாலு பேர். பெண்களுக்கான நிதி... பெண் ஒருத்தர்கூட இல்லை! மும்தாஜ் பெட்டியைத் திறந்ததுமே ஒருவர் கர்ச்சீப்பை எடுத்தார். இன்னொருவர், "இதுல நீங்க என்ன வரைஞ்சிருக்கீங்க?" என்றார். மும்தாஜ் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகுதான் தலைவர் வாய் திறந்து, துவைத்து எடுத்து வரச் சொன்னார்.

ஓர் ஆண் ஓவியர் இதே துணியை விரித்திருந்தால் துவைக்கச் சொல்லியிருப்பாரா? பெண்ணையும் துணியையும் சேர்த்துப் பார்த்தாலே இவர்களுக்குச் சலவை சோப்புதான் ஞாபகம் வருமா?

மும்தாஜ் நிதானமாகக் கேட்டார்: "எந்தத் தண்ணியில சார் துவைக்கட்டும்? எங்க வீட்டு போர்லயும் இப்ப இதே நாத்தம்தான் வருது."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்... பாவிகள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது — 'வருந்துகிறோம்.' நிதி யாருக்கென்று விசாரித்தேன். நீல நிற ஏரி, நாலு தாமரை, ஒரு கொக்கு வரைந்தவருக்கு. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்றமில்லாத ஏரியாகப் பார்த்துக் காசு கொடுக்கிறவர்கள் மேல்தான்!

"விடுங்கக்கா... அவங்ககிட்டயே துவைக்கக் கொடுத்துட்டாப் போச்சு" என்றார் மும்தாஜ். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விடுவேனா? கறுப்புத் துணியைக் கேட்டு வாங்கினேன். கூடவே ஒரு கேன் ஏரித் தண்ணீர். கூரியர் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மேடம், பேஜாரா கீது... எடுத்துக்கினு போங்க" என்று விரட்டிவிட்டார்.

பரவாயில்லை. நாளைக் காலை தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, அந்தத் தலைவரிடம் நானே கொண்டுபோகிறேன்.

துவைத்துக் கொடுக்கட்டும்!