ஒரே அறையை இருவர் கேட்டபோது

சென்னையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் சித்தூருக்குத் திரும்பிய சமயம், சித்தப்பா மகன் திருப்பதியில் லாட்ஜ் அறைகளை இணையத்தில் பதிவுசெய்து தரும் தொழிலைத் தொடங்கியிருந்தான். ப்ரோக்ராம் எழுத என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். திருச்சானூரில் ஒரு வீடு பிடித்தோம். முன்கூடம் ஆபீஸ், பின்பக்கம் நான் குடியிருந்தேன்.

தம்பி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவான். திரும்பும்போது புதிதாக ஒரு யோசனையோடு வருவான். ஒரு நாள் கார் பதிவு; இன்னொரு நாள், தெலுங்கில் பேசினாலே அறை தேடித் தரும் வசதி. எனக்கும் அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. புதியதொன்று திரையில் முதல்முறை ஓடும்போது வரும் சந்தோஷம், பழைய ஓட்டையை அடைப்பதில் வருவதில்லை.

ஓட்டை ஒன்று இருந்தது. மிஞ்சியிருக்கும் ஒரே அறையை ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால், எங்கள் தளம் இருவருக்கும் சரி என்று சொல்லிவிடும். எப்போதாவது நடக்கும். லாட்ஜில் வேறு அறை கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள்.

"இத மொதல்ல சரி பண்ணிட்லாம்டா" என்றேன்.

"கார் புக்கிங் மட்டும் முடிச்சுக் குடுத்துடுக்கா. எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு வந்துட்டேன்."

முடித்துக் கொடுத்தேன்.

அதைக் காட்டத்தான் ஒரு காலையில் இருவரும் ஒரு லாட்ஜுக்குப் போனோம். முகூர்த்த நாள், ஊரே நிரம்பியிருந்தது. மேசை முன்னால் இரண்டு குடும்பங்கள். இரண்டு பேர் செல்போனிலும் ஒரே அறை எண். முதலில் வந்தவர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

"ஏமம்மா இதி? ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் குடுத்துக்கீறீங்க. வேற ரூம் ஒண்ணுகூட லேது" என்றார் மேனேஜர்.

அறை கிடைக்காத குடும்பத்து அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மலையிலிருந்து அடிவாரத்து அலிபிரி வரைக்கும் நடந்தே இறங்கியவர்கள். அவர் சத்தம் போடவில்லை. "ரூம் உறுதின்னு நீங்கதானே மெசேஜ் அனுப்புனீங்க? போய்ப் படுத்துக்கலாம்னு நம்பித்தானே நடந்தோம்?" என்றார்.

அவர்களை ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தோம். தம்பி வெந்நீர் போட்டான், ஓடிப்போய் இட்லி வாங்கிவந்தான். கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்து அந்தக் குடும்பத்தார் நால்வரும் தூங்கினார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவ வந்தா ரூம் போடணுமா, நேரா இங்கயே வந்துடலாமா?" என்றார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் தம்பி சொன்னான்: "புதுசா எதுவும் வேணாங்க்கா. இருக்கறது ஒயுங்கா நடக்கட்டும்."

கார் பதிவு இப்போதைக்குக் கிடையாது என்று ஒவ்வொரு லாட்ஜிலும் அவனே போய்ச் சொன்னான். ஒரு லாட்ஜ்காரர் கோபித்துக்கொண்டு எங்களை விட்டே போய்விட்டார்.

இரண்டு மாதம் அந்த ஒரு வேலைதான். ஒருவர் அறையைத் தொட்டதுமே மற்றவருக்கு அது பூட்டிக்கொள்ள வேண்டும். சோதித்துப் பார்க்க, இருவரும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் மூன்று வரை எண்ணி ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்துவோம். இருவருக்கும் கிடைத்துவிட்டால் தலையில் கைவைத்துக்கொள்வோம். ஒரு மத்தியானம் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான்.

"அக்கா, எனக்கு ரூம் இல்லன்னு சொல்லிடுச்சுக்கா!"

மறுபடி மறுபடி அழுத்தினோம். ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு மட்டுமே கிடைத்தது. இல்லை என்ற சொல்லுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

கார்த்திகையில் திருச்சானூர்த் தாயார் கோயில் பிரம்மோற்சவம் வந்தது, கூட்டமும் வந்தது. மூன்றாம் நாளும் புகார் என்று அந்த மேனேஜரிடமிருந்து போன் இல்லை. பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

"ரூம்லு அன்னீ ஃபுல்லு. ஒரு பிரச்சனையும் லேது. போய் சோறு துன்னும்மா" என்றார்.

போய்ச் சாப்பிட்டேன்.